மீன்தொட்டி நத்தைகளும் சோழமண்டலக் கரையும்

வீட்டு மீன்தொட்டியில் யாரும் வாங்கி விடாமலே வந்து சேரும் உயிர் நத்தை. கடையில் வாங்கிய நீர்ச்செடியின் வேரிலோ இலையின் அடியிலோ ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு வருகின்றன. சில மாதங்களில் அவை எண்ண முடியாத அளவுக்குப் பெருகிவிடுகின்றன. பகலில் மணலுக்குள் மறைவது, விளக்கை அணைத்தபின் கண்ணாடி முழுதும் ஊர்வது, சில விடியற்காலைகளில் கூட்டமாக நீர்மட்டத்தை நோக்கி ஏறி நிற்பது, நீர்ப்பரப்பின் அடியில் தலைகீழாகத் தொங்கியபடி நகர்வது என இவற்றின் பழக்கங்கள் மீன் வளர்ப்போரை நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வியப்பிலும் எரிச்சலிலும் ஆழ்த்தி வந்துள்ளன.

இவற்றுள் மிகப் பரவலான ஒன்றை மீன் வணிகர்கள் 'மலேசிய ஊதுகொம்பு நத்தை' என்கிறார்கள். அறிவியலில் இந்த நத்தைக்குப் பெயர் கிடைத்தது மலேசியாவிலிருந்து அல்ல. 1774-இல், சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற ஓட்டைக் கொண்டே அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. தட்டையாகச் சுருண்ட ஓடு கொண்ட இந்தியக் குளத்து நத்தைக்கோ, புதுச்சேரிக்குத் தோட்டம் அமைக்க அனுப்பப்பட்ட ஒரு பிரெஞ்சுக்காரரின் பயண நூலில்தான் பெயர் கிடைத்தது. மீன்தொட்டி நத்தைகளின் வரலாறு இந்தக் கரையைத் தொட்டே தொடங்குகிறது.

தரங்கம்பாடி வழி

புதுச்சேரிக்குத் தெற்கே, காரைக்காலுக்குச் சற்று வடக்கே உள்ள தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. துணியும் மிளகும் ஏற்றிச் சென்ற டேனிஷ் கப்பல்களில் சோழமண்டலக் கரையின் சங்குகளும் சிப்பிகளும் நத்தை ஓடுகளும்கூடக் கோபன்ஹேகனுக்குப் போயின. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஓடு சேகரிப்பது செல்வர்களின் பொழுதுபோக்காகவும் அறிஞர்களின் பணியாகவும் இருந்தது. 1771-இல் தரங்கம்பாடிக்கு வந்த சமயப் பணியாளர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் இத்தகைய சேகரிப்பாளர்களில் புகழ்பெற்றவர். அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பிய மீன்களை ஆராய்ந்த பிளாக், ஒரு மீன் பேரினத்துக்கு 'ஜானியஸ்' என அவர் பெயரையே வைத்தார்.

கோபன்ஹேகனைச் சேர்ந்த ஓட்டோ ஃபிரெடெரிக் முல்லர் (1730–1784) நிலத்திலும் நன்னீரிலும் வாழும் நத்தைகளையும் புழுக்களையும் பற்றி 1773–1774-இல் லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். நீண்டு கூம்பிய, மேற்பரப்பில் சிறு புடைப்புகள் கொண்ட ஒரு நத்தைக்கு அதில் 'நெரிட்டா டியூபர்குலேட்டா' என்று பெயரிட்டு, அதன் இடம் கோரமண்டல் என்று குறித்தார். இரண்டாம் சொல்லுக்குப் 'புடைப்புகள் உடையது' என்று பொருள். 1804-இல் பிரெஞ்சுப் பயணி ஒலிவியே, அலெக்சாந்திரியாவின் கால்வாயில் கண்ட நத்தையைப் புது இனமாகக் கருதி வேறு பெயரில் விவரித்தார். இரண்டும் ஒன்றே என்பது பின்னர் தெரிந்தது. ஒலிவியே உருவாக்கிய பேரினப் பெயரும் முல்லர் வைத்த இனப் பெயரும் சேர்ந்து இன்று 'மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா' என வழங்குகிறது. ஆப்பிரிக்காவின் வடக்கும் கிழக்கும் தொடங்கித் தெற்கு ஆசியா வரை இது இயல்பாக வாழ்கிறது. ஒரே நாட்டுக்கு உரியது என்று சொல்ல முடியாத இந்த நத்தைக்கு வணிகப் பெயர் மலேசியாவைத் தேர்ந்தெடுத்தது வெறும் வழக்கமே.

தமிழில் பெரிய குளத்து நத்தை பொதுவாக நத்தை என்றே வழங்குகிறது. சிறியவற்றை ஊமச்சி என்பதும் உண்டு. உணவுக்கு ஆகும் பெரிய நத்தையை உற்றுக் கவனித்த அளவுக்கு ஊமச்சியை யாரும் கவனித்ததில்லை. அது வரப்போரச் சேற்றில் காலில் குத்தும் ஓடு, அவ்வளவுதான்.

புதுச்சேரிக்கு வந்த தோட்டக்காரர்

நெப்போலியன் காலப் போர்கள் முடிந்து 1816-இல் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. வணிகத்தில் ஆங்கிலேயரிடம் தோற்றுவிட்ட நிலையில், செடிகொடிகளையும் உயிரினங்களையும் திரட்டிப் பாரிசுக்கு அனுப்பும் களமாகவும் பிரான்ஸ் இந்த ஊரைக் கண்டது. அதே 1816-இல் தாவரவியலாளர் லெஷெனோ இங்கு வந்தார். அடுத்து வந்தவர் சார்ல் பெலாஞ்சே (1805–1881). புதுச்சேரியில் தாவரவியல் தோட்டம் அமைக்கும் பணிக்காக 1825-இல் புறப்பட்டபோது அவருக்கு வயது இருபதுதான். கப்பலில் வராமல் வட ஐரோப்பா, காக்கசஸ், ஜார்ஜியா, ஆர்மீனியா, பாரசீகம் எனத் தரைவழியே வந்தார். ஊருக்குள் இன்றும் இருக்கும் தாவரவியல் பூங்கா 1826-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்கிறது. அதைப் பிற்காலத்தில் வளர்த்தெடுத்த பெரோத்தே 1870-இல் புதுச்சேரியிலேயே இறந்தார்.

பெலாஞ்சே 1829 வரை சுற்றித் திரட்டியவற்றைப் பாரிசில் துறைவாரியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். அவரது பயண நூல் வரிசையின் விலங்கியல் பகுதியில் நத்தை, சிப்பிகளைப் பற்றி எழுதியவர் தெஷாயே. அக்காலப் பிரான்சின் முன்னணி ஓட்டியல் அறிஞர்களில் அவர் ஒருவர். 1834-இல் வெளியான அப்பகுதியில் தட்டையான, பழுப்பேறிய ஒரு நன்னீர் நத்தைக்கு 'பிளனார்பிஸ் எக்சஸ்டஸ்' என்று பெயரிட்டார். எக்சஸ்டஸ் என்றால் கருகியது என்று பொருள். தீயில் வாட்டியது போன்ற நிறம் என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1921-இல் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அன்னண்டேலும் பெய்னி பிரசாத்தும் இதற்கென்றே 'இந்தோபிளனார்பிஸ்' என்ற பேரினத்தை ஏற்படுத்தினர்.

இந்த நத்தைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது கிராமத்து மாட்டுத் தொழுவங்களைச் சேர்ந்தது. மாடு மூச்சுவிடும்போது குறட்டை ஒலி எழுப்பும் மூக்கு நோய் தென்னிந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்டது. அதற்குக் காரணமான தட்டைப்புழுவை 1933-இல் எம். ஏ. என். ராவ் விவரித்தார். அப்புழு தன் வாழ்வின் ஒரு பகுதியை இந்தோபிளனார்பிஸ் நத்தையின் உடலில் கழித்துவிட்டு, குளத்தில் இறங்கும் மாட்டின் தோலைத் துளைத்து நுழைகிறது. மீன்தொட்டியில் அழகுக்காக வைக்கப்படும் ஒரு நத்தை, ஏரிக்கரையில் கால்நடை மருத்துவரின் கவலை.

கண்ணாடித் தொட்டியின் வரவு

பெலாஞ்சேயின் காலத்தில் நீர்வாழ் நத்தை என்பது அறிஞர்களுக்குப் பெரும்பாலும் காலி ஓடுதான். உயிருள்ள நத்தையை நாள்கணக்கில் பார்க்கக் கண்ணாடித் தொட்டி வேண்டியிருந்தது. அதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ழான் வில்ப்ரோ பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. சிசிலித் தீவின் மெசினாவில் வாழ்ந்த அவர் 1832 வாக்கில் கண்ணாடித் தொட்டிகளை வடிவமைத்து, நத்தைகளுக்குத் தூரத்து உறவான ஆர்கோனாட் என்னும் கடல் உயிரை வளர்த்தார். அது பிற உயிரின் ஓட்டைத் திருடி வாழ்கிறது என்று பலர் நம்பி வந்தனர். ஓட்டை அதுவே உருவாக்குகிறது என்பதை அவர் நேரில் பார்த்து நிறுவினார்.

வீட்டு மீன்தொட்டியின் வரலாற்றில் நத்தைக்குக் கிடைத்த இடம் இதைவிட முக்கியமானது. லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1849-இல் ஒரு தொட்டியில் இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாச் செடியையும் வைத்தார். செடி பிராணவாயு தரும், மீன் பிழைக்கும் என்பது கணக்கு. சில நாட்களில் இலைகள் அழுகி, தண்ணீர் கலங்கி, கண்ணாடியில் வழுவழுப்பு படர்ந்தது. குளங்களில் இந்தக் கழிவை யார் அகற்றுகிறார்கள் என்று யோசித்த அவர் ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அழுகியதை நத்தைகள் தின்றன, தண்ணீர் தெளிந்தது, நத்தை முட்டைகள் மீன்களுக்கு இரையாயின. 1850-இல் அவர் இதை வெளியிட்டார். தண்ணீரை அடிக்கடி மாற்றாமலே மீன் வளர்க்க முடியும் என்பதை உலகம் நம்பத் தொடங்கியதில் நத்தைக்குப் பாதிப் பங்கு உண்டு. இன்று நத்தையைக் கண்டதும் மருந்து தேடி ஓடுவோர் இதை அறிந்திருக்க மாட்டார்கள்.

1853-இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. தமிழகத்தில் 1909-இல் சென்னை மெரினாக் கரையில் மீன் காட்சியகம் வந்தது. புதுச்சேரியில் பெலாஞ்சே எந்தத் தோட்டத்துக்காக அனுப்பப்பட்டாரோ, அதே தாவரவியல் பூங்காவிலேயே பின்னாளில் மீன் காட்சியகம் அமைந்தது.

குளத்தில் கற்ற பழக்கம்

தொட்டியில் விந்தையாகத் தெரியும் நடத்தை பலவும் ஏரி, குளங்களில் உயிர் பிழைக்க உதவும் வழக்கம். சோழமண்டலக் கரையின் நீர்நிலைகள் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, சித்திரை வைகாசியில் சேறாகி, சில ஆண்டுகளில் முற்றிலும் வற்றிவிடுகின்றன. சூடேறிய தேங்கு நீரில் உயிர்வளி குறைவு. மேலே நாரைகள், கீழே நண்டுகள். இத்தகைய இடத்தில் வாழ வேண்டிய உயிர் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் ஊதுகொம்பு நத்தை இருக்கிறது.

பகலில் அது மணலில் புதைந்து கிடக்கிறது. வெயிலும் பறவையின் கண்ணும் அங்கே எட்டுவதில்லை. இரவில் வெளியே வந்து பாசியையும் மக்கிய இலையையும் மேய்கிறது. புதையும்போது மணலைக் கிளறுவதால் தொட்டியின் அடியில் நச்சுவாயு தேங்குவது குறைகிறது. இதற்காகவே இதை விரும்பி வளர்ப்போரும் உண்டு. ஓட்டின் வாயை மூட அதற்கு ஒரு மூடி இருப்பதால் நிலைமை மோசமானால் உள்ளே ஒடுங்கிக்கொள்கிறது. தொட்டியில் மருந்து ஊற்றி அழிக்க முயன்றவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்த மூடியிடம்தான்.

கூட்டமாக நீர்மட்டத்துக்கு ஏறுவதைப் பற்றி மீன் வளர்ப்போரிடையே ஒரு விதி உண்டு: நத்தை மேலேறினால் தண்ணீரை மாற்று. இந்த விதி பாதிதான் சரி. ஊதுகொம்பு நத்தை செவுளால் சுவாசிப்பது. பகல் வேளையில் அது மணலை விட்டுக் கூட்டமாக மேலேறினால், அடி நீரில் உயிர்வளி குறைந்துவிட்டது என்று கொள்ள இடமுண்டு. ஆனால் தட்டைச் சுருள் நத்தைகளும், இடப்பக்கம் வாய் திறந்த ஃபைசா நத்தைகளும் காற்றைச் சுவாசிக்கும் வகை. அவை எவ்வளவு நல்ல தண்ணீரிலும் மேலே வந்து போகும். எந்த நத்தை ஏறுகிறது என்று பாராமல் தொட்டியைக் காலி செய்வது வீண் வேலை. தட்டைச் சுருள் நத்தைகளின் குருதியில் மனிதக் குருதியைப் போலவே ஹீமோகுளோபின் இருக்கிறது. அதனால் உயிர்வளி குறைந்த நீரிலும் அவை தாக்குப்பிடிக்கின்றன. கடைகளில் சிவப்பு நத்தை எனப்படுபவற்றின் நிறம் சாயத்தால் வந்ததில்லை, உடலில் ஓடும் குருதிதான் அப்படித் தெரிகிறது.

நம் வயல்களின் பெரிய நத்தையான பைலா இரண்டு வழியும் அறிந்தது. அதற்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. தண்ணீருக்குள் இருந்தபடியே குழாய் போன்ற உறுப்பை மேலே நீட்டிக் காற்றை இழுப்பதைத் தொட்டியில் தெளிவாகப் பார்க்கலாம். குளம் வற்றினால் சேற்றில் புதைந்து, மூடியை இறுக்கிக்கொண்டு அடுத்த மழை வரை உறங்கும். இந்தியக் கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த இதன் உடற்கூற்றை 1925-இல் விரிவாக எழுதியவர் மேலே சொன்ன பெய்னி பிரசாத். காற்றைச் சுவாசிப்பது இக்கரையின் நீர்வாழ் உயிர்கள் பலவற்றுக்கும் கைவந்த வித்தை. தரங்கம்பாடியில் பனைமரத்தில் ஏறும் மீனைக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிய குறிப்பு 1797-இல் லண்டனில் அச்சானபோது அங்கே பலர் நம்பவில்லை. தமிழில் அந்த மீனின் பெயரே பனையேறிக் கெண்டை.

நீர்ப்பரப்பின் அடியில் தலைகீழாக ஊர்வது எப்படி என்ற கேள்விக்கு அண்மைக் காலம் வரை தெளிவான விடை இல்லை. பிடிக்க அங்கே சுவரோ இலையோ கிடையாது. நத்தையின் பாதத்தில் எழும் அலைகள் கோழைப் படலத்தின் வழியே நீர்ப்பரப்பில் நுண்ணிய மேடுபள்ளங்களை உண்டாக்குகின்றன என்றும், அந்த வளைவுகளே உந்துவிசை தருகின்றன என்றும் 2008-இல் இயற்பியல் ஆய்வொன்று விளக்கியது. ஃபைசா நத்தைகள் மெல்லிய கோழை நூலை விட்டு அதையே ஏணியாக்கி ஏறி இறங்குகின்றன. அட்டை தொட்டால் ஓட்டைப் படபடவென்று இருபுறமும் உதறி விடுபடுகின்றன. தொட்டியில் காரணமின்றி நத்தை நடுங்குவதாக நினைப்பவர்கள் சுற்றிலும் தேடினால் ஏதேனும் ஒன்று அதைத் தீண்டியிருப்பதைக் காணலாம்.

இனப்பெருக்கம்தான் எல்லாவற்றிலும் வியப்பானது. ஊதுகொம்பு நத்தைக் கூட்டத்தில் பெரும்பாலும் பெண்களே இருக்கின்றன. ஆணின் துணையின்றி அவை கருவுறுகின்றன. முட்டையிடாமல், கழுத்துப் பகுதியில் உள்ள பையில் குஞ்சுகளை வளர்த்து, ஓடு உருவான பிறகே வெளியே விடுகின்றன. வற்றிய குளத்தில் ஒரே ஒரு நத்தை பிழைத்தாலும் அடுத்த மழையில் குளம் நிறையும். தொட்டிக்கு ஒரே ஒரு நத்தை வந்தாலும் அதே கதைதான். மீனுக்கு அளவுக்கு மீறி இரை போடும் வீடுகளில் பெருக்கம் இன்னும் வேகமாக நடக்கிறது, ஏனெனில் மிஞ்சுவது நத்தைக்குத்தான். நத்தை பெருகிவிட்டது என்ற புகாரின் பின்னே பெரும்பாலும் தாராளமான ஒரு கை இருக்கும்.

மார்த்தினிக் தீவில்

தனியாளாகப் பெருகும் உயிருக்கு உலகம் சுற்ற ஒரு நீர்ச்செடிப் பொட்டலம் போதும். 1930-களில் மீன்தொட்டி வணிகம் இந்த நத்தையை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றது. அங்கே நீரூற்றுகளிலும் ஆறுகளிலும் அது இறங்கியது. ஆசியத் தட்டைப்புழு ஒன்றும் அந்நாட்டு நீர்நிலைகளில் இந்த நத்தையைத் தங்குமிடமாக்கிக்கொண்டது. டெக்சாசின் கோமால் ஆற்றில் அருகிவரும் சிறு மீன் ஒன்றின் செவுள்களை அப்புழு தாக்குவது 1990-களில் கண்டறியப்பட்டது.

புதுச்சேரி வாசகர்களுக்கு நெருக்கமான கதை கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கில் நடந்தது. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் சென்றனர். முதல் கப்பலான 'அவுரேலி' 1853-இல் அங்கே சேர்ந்தது. புதுச்சேரிக்கு வந்த பெலாஞ்சேயும் பிற்காலத்தில் அதே தீவின் சென்பியேர் தாவரவியல் தோட்டத்தை நடத்தினார். ஊதுகொம்பு நத்தை இவர்களோடு போகவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1979-இல்தான் அது மார்த்தினிக்கில் முதலில் காணப்பட்டது. அழகு நீர்ச்செடி வணிகம் அதைக் கொண்டுவந்ததாகக் கருதப்படுகிறது.

அத்தீவில் அப்போது சிஸ்டோசோமியாசிஸ் என்ற நோய் மக்களை வாட்டியது. மாட்டைத் தாக்கும் புழுவின் உறவான ஒரு புழு, பயோம்ஃபலேரியா என்ற நத்தையின் வழியே மனிதரைத் தாக்குகிறது. புதிதாக வந்த நத்தை பரவிய இடங்களில் பயோம்ஃபலேரியா குறைவதைப் பிரெஞ்சு ஆய்வாளர் ழான் பியேர் பொந்தியேயும் உடன் பணியாற்றியவர்களும் கவனித்தனர். 1983-இல் நோய் பரவும் நீர்க்கீரைப் பாத்திகளில் ஊதுகொம்பு நத்தையை வேண்டுமென்றே விட்டுப் பார்த்தனர். சில ஆண்டுகளில் நோய் சுமக்கும் நத்தை அங்கிருந்து மறைந்தது. மருந்து தெளிக்காமல், ஒரு நத்தையைக் கொண்டு இன்னொன்றை விரட்டிய அரிய வெற்றி இது. பின்னர் வேறு வேறு நிலங்களிலிருந்து இதே நத்தையின் பல வகைகள் தீவுக்கு வந்து சேர்ந்தன. அரிதாக நிகழும் ஆண்–பெண் கலப்பால் கலப்பு வகைகளும் தோன்றின என்று 2008-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

எனினும் மார்த்தினிக்கில் நன்மை செய்த அதே குணங்கள் டெக்சாசில் தீமை செய்தன. அயல் நத்தையை நோய் தடுப்புக்காகப் பரப்பும் யோசனையை இன்றைய சூழலியலாளர்கள் தயக்கத்தோடு பார்ப்பதற்கு இதுவே காரணம்.

எதிர்த்திசைப் பயணம்

இப்போது கப்பல் எதிர்த்திசையில் ஓடுகிறது. மேலே சொன்ன ஃபைசா நத்தையை 1805-இல் பிரெஞ்சு அறிஞர் திரபார்நோ பிரான்சின் கரோன் ஆற்றிலிருந்து விவரித்தார். நீண்டகாலம் ஐரோப்பிய நத்தை என்று எண்ணப்பட்ட அது உண்மையில் வட அமெரிக்காவைச் சேர்ந்தது. இன்று அது இந்தியாவிலும் குடியேறிவிட்டது. தென் அமெரிக்காவின் பொமேசியா நத்தைகளில் ஒருவகை அழகு மீன் வணிகம் வழியே இந்தியாவுக்கு வந்திருப்பதைக் கல்கத்தா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினர். தமிழகத்தில் சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளிலிருந்து மீனும் செடியும் ஊர் ஊராகப் போகின்றன. செடியோடு நத்தையும் போகும்.

பொமேசியாவின் இன்னொரு வகையான தங்க ஆப்பிள் நத்தை 1980 வாக்கில் உணவுக்கென்று தைவானுக்கும், பிறகு பிலிப்பைன்ஸுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. பண்ணையிலிருந்து தப்பி வயலில் இறங்கி, இளம் நாற்றை அடியோடு கத்தரித்துத் தின்னும் பெரும் பூச்சியாக அது மாறியது. ஸ்பெயினின் எப்ரோ ஆற்று நெல்வயல்களில் அது பரவியபின், ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் பொமேசியாப் பேரினம் முழுவதையும் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூரும் அதன் ஏரியும், 2008-இல் காட்டுயிர்ச் சரணாலயமான ஊசுட்டேரியும் நகரத்திலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. அலுத்துப்போன தொட்டியின் தண்ணீரைச் செடியோடும் நத்தையோடும் வாய்க்காலில் கொட்டுவது இங்கே சிறிய செயலாக முடிந்துவிடாது.

நம் பைலாவையும் அயலானையும் முட்டையைக் கொண்டு பிரித்தறியலாம். பைலா கரையோர ஈரமண்ணில் குழி செய்து வெண்ணிற முட்டைகளை மறைத்து இடுகிறது. பொமேசியா நீர்மட்டத்துக்கு மேலே செடித் தண்டிலோ கல்லிலோ கொத்தாக ஒட்டிவிடுகிறது. தங்க ஆப்பிள் நத்தையின் கொத்து பளிச்சென்ற இளஞ்சிவப்பு. தொட்டிகளில் வளர்க்கப்படும் மற்ற வகையின் கொத்து மங்கிய பழுப்பு. ஊசுட்டேரியில் நத்தை தேடும் நத்தைகுத்தி நாரை அலகின் நடுவே இடைவெளி கொண்ட பறவை, பைலாவை ஓட்டிலிருந்து உருவி எடுப்பதில் தேர்ந்தது. தங்க ஆப்பிள் நத்தை பெருகிய தாய்லாந்து வயல்களில் அதே நாரை அந்த அயல் நத்தையைத் தின்று பழகியிருக்கிறது.